கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு 2050-இல் எவ்வளவு பென்ஷன்? கணினியில் ஓட்டிப் பார்க்கும் முறை

குன்னூரிலிருந்து வந்த கேள்வி இது: "ஒரு நாட்டில் இன்னும் 25, 30 வருடத்தில் எத்தனை பேர் வேலை செய்வார்கள், பென்ஷனுக்கும் உதவித்தொகைக்கும் எவ்வளவு பணம் வேண்டியிருக்கும் என்று கணினியில் சிமுலேஷன் செய்து சொல்கிறார்கள். அது எப்படி நடக்கிறது? நீலகிரி மாவட்டத்துக்கு மட்டும் செய்ய முடியுமா? எக்செல் போதுமா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். "எத்தனை பேர்" என்பதற்கு எக்செல் தாராளமாகப் போதும். "எவ்வளவு பணம்" என்பதற்குப் போதாது. பென்ஷன் விதிகள் ஒரு மனிதரின் வயதை மட்டும் பார்ப்பதில்லை. அவர் எத்தனை வருடம் வேலை பார்த்தார், நடுவில் நின்றாரா, பிஎஃப் பணத்தை எடுத்துவிட்டாரா, யாரோடு ஒரே ரேஷன் கார்டில் இருக்கிறார் என்றெல்லாம் பார்க்கின்றன. இந்த விவரங்கள் எக்செல் கட்டங்களில் சராசரியாகக் கரைந்துவிடும்.

முதலில் எளிய முறை. மக்கள்தொகையை ஐந்து ஐந்து வயதாகப் பிரித்தால் 0–4 முதல் 75–79 வரை 16 குழுக்கள், அதற்கு மேல் 80+ ஒன்று. ஆண், பெண் என இரண்டு மடங்கு, ஆக 34 வரிசை. ஒவ்வொரு குழுவையும் ஐந்து வருடம் தள்ளி அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும்போது, பிழைத்திருப்போர் விகிதத்தால் பெருக்கி, வந்தவர்களைக் கூட்டி, போனவர்களைக் கழிக்க வேண்டும். 15–49 வயதுப் பெண்களின் எண்ணிக்கையை வயதுவாரிக் குழந்தைப்பேற்று விகிதத்தால் பெருக்கினால் ஒரு வருடப் பிறப்பு கிடைக்கும், அதை ஐந்தால் பெருக்கினால் ஒரு தாவலுக்கான பிறப்பு. 2011 முதல் 2041 வரை ஆறே தாவல். வயதுக்குழு அட்டவணை 2011 கணக்கெடுப்பின் சி-14 தொகுதியில் இருக்கிறது. ஒற்றை வயது வேண்டுமானால் சி-13. பிழைப்பு விகிதங்களை, பிறப்பு இறப்பைக் கணிக்கும் மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டம் (எஸ்ஆர்எஸ்) வெளியிடும் ஆயுள் அட்டவணையிலிருந்து எடுக்கலாம். வந்த எண்ணிக்கையை வேலைப் பங்கேற்பு விகிதத்தால் பெருக்கினால் தொழிலாளர் தொகை.

இந்தியாவின் அதிகாரபூர்வ மக்கள்தொகை முன்கணிப்பும் இந்த வகைதான். அதற்காக மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழுவின் 2020 அறிக்கை 2011 முதல் 2036 வரை மாநிலவாரியாகப் போட்டிருக்கிறது. அதன்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2021-இல் 13.6 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதம். பத்தே வருடத்தில் இத்தனை ஏற்றம்.

இங்கே பலர் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. 2050-இல் 60 வயதைத் தாண்டியிருக்கப் போகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். அடுத்த 15 வருடத்துக்கு வேலைக்கு வரப்போகிறவர்களும் பிறந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்று 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அது 1.6 ஆகுமா, 2 ஆகுமா என்று நடக்கும் வாதத்துக்கும் 2045-இன் பென்ஷன் பட்டியலுக்கும் அநேகமாகத் தொடர்பே இல்லை. அந்தப் பட்டியலைத் தீர்மானிப்பவை நான்கு: இறப்பு, இடப்பெயர்வு, வேலை வரலாறு, தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துகிறார்களா என்பது. முதல் இரண்டையும் எக்செல் ஓரளவு சமாளிக்கும். மூன்றாவதில் அது படுத்துவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. பிஎஃப்-ஓடு சேர்ந்துவரும் ஊழியர் பென்ஷன் திட்டத்தின் (இபிஎஸ்-95) சூத்திரம், கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளம் × பணிக்காலம் ÷ 70. குறைந்தது 10 வருடம் வேண்டும். 20 வருடம் முடித்து 58 வயதில் ஓய்வு பெற்றால் 2 வருடம் கூடுதலாகச் சேரும். இரண்டு தொழிலாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள், இருவருக்கும் சம்பளம் 12,000. இருவரும் 15 வருடம் வேலை பார்த்திருந்தால் ஆளுக்கு 2,571 ரூபாய், மொத்தம் 5,142. ஒருவர் 8 வருடம், இன்னொருவர் 22 வருடம் என்றால்? சராசரி அதே 15தான். முதலாமவருக்குப் பென்ஷன் கிடையாது, போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கலாம், அவ்வளவுதான். இரண்டாமவருக்கு 24 வருடக் கணக்கில் 4,114. மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய் குறைந்துவிட்டது, ஒருவர் வெறுங்கையோடு நிற்கிறார். சராசரியை வைத்துக் கணக்குப் போட்டவருக்குச் செலவும் தப்பு, அந்த வெறுங்கைக்காரர் கண்ணிலும் படமாட்டார். சராசரியில் காணாமல் போகிறவர் பெரும்பாலும் விட்டு விட்டு வேலை பார்த்த பெண்ணாகத்தான் இருப்பார். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தேயிலைக்குப் போகும் வீடுகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதனால்தான் ஆட்களைக் குழுவாக்காமல், ஒவ்வொரு ஆளையும் தனித்தனி வரியாக வைத்து வருடம் வருடமாக ஓட்டும் முறை வந்தது. இதற்கு மைக்ரோசிமுலேஷன் என்று பெயர். 1957-இல் கை ஆர்கட் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இந்த யோசனையை முன்வைத்தார். 1970-களில் வாஷிங்டனின் அர்பன் இன்ஸ்டிடியூட்டில் டைனாசிம் உருவானது. நார்வே புள்ளியியல் துறையின் மோசார்ட், பிரான்சின் டெஸ்டினி, கனடாவின் லைஃப்பாத்ஸ் எல்லாம் இந்தப் பரம்பரை. நார்வேக்காரர்களுக்கு வேலை எளிது, ஒவ்வொரு குடிமகனின் சம்பள வரலாறும் பதிவேட்டில் இருக்கிறது. நமக்கு அந்த வரலாற்றை மாதிரி ஆய்வுகளிலிருந்து ஒட்டுப்போட்டுத்தான் உருவாக்க வேண்டும். வேலையில் பாதி அங்கேயே போய்விடும்.

அடித்தளக் கோப்பு எப்படித் தயாராகிறது? தேசியத் தொழிலாளர் ஆய்வின் (பிஎல்எஃப்எஸ்) தனிநபர் தரவை மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2024 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் வீடு, 4 லட்சம் ஆட்கள். நாட்டில் 700-க்கும் மேற்பட்ட மாவட்டங்கள் இருப்பதால் மாவட்டத்துக்குச் சராசரியாக 600 பேர்கூட வராது. அதில் 15 வயதைத் தாண்டிய பெண்கள் 220 பேர் என்று வைத்தால், அவர்களில் 40 சதவீதம் வேலையில் இருப்பதாக ஆய்வு சொன்னாலும், தெருத்தெருவாகக் கொத்தாக மாதிரி எடுப்பதால் கூடும் பிழையையும் சேர்த்தால் உண்மை எண் 31-ஆகவும் இருக்கலாம், 49-ஆகவும் இருக்கலாம். 2025 ஜனவரியிலிருந்து மாதிரியைப் பெரிதாக்கி மாவட்டத்தையே அடிப்படை அலகாக்கியிருக்கிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் பந்தலூர் வட்டத்தில் 40–44 வயதுத் தோட்டப் பெண்கள் என்று நுணுகினால் இன்னும் கைவிரலில் எண்ணும் அளவுதான்.

வழி இதுதான். பங்கேற்பு, சம்பளம், கல்வி இவற்றுக்கிடையே உள்ள உறவை மாநில அளவுத் தரவிலிருந்து எடுங்கள். மொத்த எண்ணிக்கைகளை (வயது, பால், வட்டம், தொழில் வகை) கணக்கெடுப்பு அட்டவணையிலிருந்து எடுங்கள். பிறகு ஆய்வில் உள்ள வீடுகளின் எடையை (ஆய்வின் ஒரு வீடு நிஜத்தில் எத்தனை வீட்டுக்குச் சமம் என்ற எண்) மாற்றி மாற்றி, வயது மொத்தத்துக்குப் பொருத்தி, பிறகு தொழில் மொத்தத்துக்குப் பொருத்தி, மறுபடி வயதுக்கு வந்து, இப்படி 20, 30 சுற்று போனால் இரண்டும் ஒத்துவரும். அந்த எடைப்படி வீடுகளை நகலெடுத்தால் உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் ஆறு வட்டங்களுக்கும் செயற்கையான ஆனால் நம்பத்தக்க மக்கள்தொகை கிடைக்கும். ஆளை மட்டும் நகலெடுக்காதீர்கள், வீட்டோடு நகலெடுங்கள். புருஷன், பெண்டாட்டி, பிள்ளை இணைப்பு அறுந்துபோனால் விதவை உதவித்தொகையைக் கணக்கிடவே முடியாது.

இங்கே அளவைச் சுருக்க ஆசைப்படாதீர்கள். நூற்றுக்கு ஒருவர் என்று மாதிரி எடுத்தால் வேகமாக ஓடும்தான். ஆனால் மாவட்டத்தில் தோடர்கள் சுமார் 2,000 பேர், கோப்பில் 20 பேராக நிற்பார்கள். அதில் இரண்டு பேர் இறந்தால் சமூகத்தில் பத்தில் ஒரு பங்கு போனதாகக் கணினி காட்டும். மாவட்ட மக்கள்தொகை 2011-இல் 7,35,394. ஆளுக்கு 40 விவரம் வைத்தாலும் 120 எம்பி நினைவகத்துக்குள் அடங்கும், சாதாரண லேப்டாப் தாங்கும். முழு மாவட்டத்தையும் ஒன்றுக்கு ஒன்றாகவே ஓட்டுங்கள். முழு இந்தியாவுக்கு என்றால்தான் ஆயிரத்துக்கு ஒருவர் என்று போக வேண்டும்.

தரவு கையில் வந்ததும் முதலில் வயதைச் சோதியுங்கள். பிறப்புச் சான்று இல்லாத முதியவரிடம் வயது கேட்டால் "அறுபது இருக்கும்" என்பார். 58, 59, 61, 62 எல்லாம் 60-இல் போய்க் குவியும். அதே குவியல் 50-இலும் 55-இலும் இருக்கும். இதை அப்படியே ஓட்டினால் இன்று 50 என்று எழுதப்பட்டவர்கள் எல்லாம் பத்தாவது வருடம் ஒரே நாளில் முதியோர் உதவித்தொகைக்குத் தகுதி பெறுவார்கள். வரைபடத்தில் அந்த வருடம் ஊசி போலச் செலவு ஏறும், ஐந்து வருடம் கழித்து மறுபடி ஓர் ஊசி. அதற்கு யாராவது பொருளாதாரக் காரணம் தேடிக் கட்டுரை எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. 0, 5-இல் முடியும் வயதுகளில் மிகையாக இருப்போரை இரண்டு பக்கமும் இரண்டு வயதுக்குள் பரப்பிவிட்டால் ஊசி மறையும்.

ஆயுள் அட்டவணையிலும் ஒரு பொறி உண்டு. அது ஐந்து வருட இறப்பு வாய்ப்பைத் தரும். நமக்கு ஒரு வருடத்துக்கு வேண்டும். 80 வயதில் ஐந்து வருட வாய்ப்பு 0.35 என்றால் ஐந்தால் வகுத்து 0.07 என்று போடுகிறார்கள். சரியானது, பிழைப்பு வாய்ப்பான 0.65-க்கு ஐந்தாம் மூலம் கண்டு 1-லிருந்து கழிப்பது. அது 0.083. வகுத்துப் போட்டால் முதியவர்கள் கணினியில் கூடுதல் காலம் வாழ்வார்கள், 80 வயதுக்கு மேற்பட்டோருக்கான செலவு வீங்கும்.

இனி ஒரு வருடம் எப்படி ஓடுகிறது என்று ஓர் ஆளை வைத்துப் பார்ப்போம். இதில் வரும் வாய்ப்பு எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. கோப்பில் ஒரு வரி: பெண், வயது 41, பந்தலூர் வட்டம், தோட்டத்தில் கொழுந்து பறிப்பு, மாதம் 12,000, பிஎஃப் பணிக்காலம் 13 வருடம் 4 மாதம், கணவர் 45, மகள் 17, லைன் வீடு (தோட்டம் தரும் வரிசைக் குடியிருப்பு). முதல் கேள்வி, இந்த வருடம் உயிரோடு இருப்பாரா? இறப்பு வாய்ப்பு 0.002. கணினி 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு ரேண்டம் எண் எடுக்கிறது, 0.4127. வாய்ப்பைவிடப் பெரியது, பிழைத்தார். அடுத்து பிறப்பு, திருமணம், கணவரை இழத்தல், இடப்பெயர்வு, ஒவ்வொன்றுக்கும் இதே சீட்டுக் குலுக்கல். பிறகு வேலை. தோட்டத்திலேயே நீடிக்க வாய்ப்பு 0.92, வந்த எண் 0.951. வேலையை விட்டார்.

இப்போது விதி பேசத் தொடங்குகிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த துண்டு கழிக்கப்படும், ஆக 13 வருடம். பத்தைத் தாண்டிவிட்டதால் பென்ஷன் நிதியைப் பணமாக எடுக்க முடியாது, உரிமைச் சான்று கிடைக்கும். 58 வயதில் 12,000 × 13 ÷ 70, மாதம் 2,229 ரூபாய். ஆனால் அதற்கு இன்னும் 17 வருடம் இருக்கிறது, அந்தச் சம்பளத்தை யாரும் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தப் போவதில்லை. ஆண்டுக்கு 5 சதவீத விலையேற்றம் என்றால் அந்த 2,229-க்கு இன்றைய மதிப்பு 972 ரூபாய். இவரே 58 வரை நீடித்திருந்தால் 30 வருடமும் கூடுதல் 2-உம் சேர்த்து 32. பென்ஷன் கணக்குக்கான சம்பள உச்சவரம்பு 15,000 என்றே நீடித்து, அவர் சம்பளம் அதைத் தொட்டிருந்தால் 6,857 ரூபாய். 9 வருடம் 4 மாதத்திலேயே நின்றிருந்தால் பூஜ்யம். 9 வருடம் 6 மாதத்தில் நின்றிருந்தால் பத்தாகக் கணக்கிட்டுப் பென்ஷன். இரண்டு மாதத்தில் ஒரு பெண்ணின் முதுமை மாறிப்போகிறது. இந்த விளிம்புகளைக் கணினிக்குள் கொண்டுவருவதுதான் இவ்வளவு பாடும்.

நிகழ்வுகளின் வரிசையை முதலிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். வயதேற்றம், இறப்பு, பிறப்பு, மணம், வீடு பிரிதல், இடப்பெயர்வு, கல்வி, வேலை, சம்பளம், சந்தா, ஓய்வு, உதவித்தொகை என்பது வழக்கமான ஓட்டம். சந்தாவை ஓய்வுக்குப் பின்னால் வைத்தால் கடைசி வருடச் சந்தா எல்லாருக்கும் விடுபடும். இப்படிப்பட்ட பிழையைப் பின்னால் தேடிப் பிடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். புதிதாகச் செய்கிறவர்கள் அநேகமாக எல்லாரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஆய்வு, 60 சதவீதப் பெண்கள் வேலையில் இருக்கிறார்கள் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பெண்ணுக்கும் 0.6 என்று சீட்டுக் குலுக்குகிறார்கள். வருட மொத்தம் அழகாக 60 சதவீதம் வரும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். 30 வருடம் ஓடிய பிறகு ஆளுக்கு எத்தனை வருடப் பணி என்று எண்ணிப் பாருங்கள். எல்லாரும் 18-ஐச் சுற்றி நிற்பார்கள். 10 வருடத்துக்குக் குறைவாக இருப்பவர் ஆயிரத்தில் ஒருவர்தான். அப்படியானால் பென்ஷன் இல்லாத தொழிலாளியே கிடையாது என்று மாடல் அறிவித்துவிடுகிறது! நிஜத்தில் சிலர் 30 வருடமும் பறிக்கிறார்கள், சிலர் கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் பறித்துவிட்டு நின்றுவிடுகிறார்கள், சிலர் பிள்ளை பெரியவனான பிறகு திரும்புகிறார்கள். ஒரே 60 சதவீதத்துக்குள் இத்தனை வாழ்க்கை.

இதைச் சரிசெய்ய மூன்று விஷயம் வேண்டும். இந்த வருட வாய்ப்பு, போன வருடம் வேலையில் இருந்தாரா என்பதைப் பொறுத்து மாற வேண்டும். எத்தனை வருடமாக அந்த நிலையில் இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். ஐந்து வருடம் வீட்டிலிருந்தவர் திரும்பும் வாய்ப்பு, போன மாதம் நின்றவரைவிடக் குறைவு. மூன்றாவதாக, ஆளுக்கு ஆள் மாறும், வாழ்நாள் முழுக்க மாறாத, வேலையில் ஒட்டும் இயல்பைக் குறிக்கும் ஓர் எண்ணைத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு வரியிலும் எழுதிவிட வேண்டும். பிஎஃப்-க்கு நான்காவதாக ஒன்று: வேலையை விட்டபோது பணத்தை எடுத்துவிட்டாரா? பத்து வருடத்துக்குள் நின்று பணத்தை எடுத்தவரின் பழைய பணிக்காலம் அழிந்துவிடும். இதற்கு ஒரு தனி நெடுவரிசை வையுங்கள்.

வேலை நிலையை எந்த அளவுகோலில் எடுப்பது என்பதும் நம் மலையில் பிரச்சினை. உறைபனிக் காலத்தில் கொழுந்து குறையும், கோடை சீசனில் ஊட்டியில் விடுதி, கடை, டாக்ஸி வேலை பெருகும். ஆய்வின் வார நிலைக் கணக்கு அந்தந்த வாரத்தைப் பிடிக்கும். வழக்கமான நிலை முழு வருடத்தைப் பார்க்கும். ஆள் எண்ணிக்கைக்கு இரண்டாவதையும், வருடத்தில் எத்தனை நாள் சம்பளம் என்பதற்கு முதலாவதையும் வையுங்கள். கலந்தால் குழப்பம்தான்.

தோட்டத்துக்கென்றே ஒரு விதி எழுத வேண்டும். லைன் வீடு வேலையோடு கட்டுண்டது. 58-இல் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அல்லது அந்த வீட்டிலிருந்து ஒருவர் தோட்ட வேலையில் இருக்க வேண்டும். அதனால் தாயின் ஓய்வு மகளின் வேலையைத் தீர்மானிக்கிறது. வெளியூர் போயிருக்க வேண்டிய பெண் வீட்டுக்காகக் கொழுந்துக் கூடையை எடுக்கிறாள், அல்லது மொத்தக் குடும்பமும் திருப்பூருக்கோ கோவைக்கோ இறங்குகிறது. தனித்தனி ஆளாகச் சீட்டுக் குலுக்கினால் இது வரவே வராது. ஓய்வு என்ற நிகழ்வு வீட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு மற்ற வரிகளையும் தட்ட வேண்டும். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயிலும் பிற தோட்டங்களிலும் குடியேறிய குடும்பங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 1970-களின் தொடக்கத்தில் இருபது வயதில் வந்தவர்களுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. மாநிலச் சராசரி வயதமைப்பை நீலகிரிக்கு ஒட்டினால் இந்தத் தலைமுறையின் மேடு தட்டையாகிவிடும்.

இடப்பெயர்வுதான் மாவட்டக் கணக்கின் கழுத்தைப் பிடிப்பது. 2001-இல் நீலகிரியில் 7,62,141 பேர். 2011-இல் 7,35,394. பிறப்பு இறப்பை மட்டும் வைத்து ஓட்டினால் எண்ணிக்கை ஏறியே தீரும்; நிஜத்தில் 26,747 குறைந்திருக்கிறது. எந்த வயதினர் போனார்கள் என்று அறிய, 2001-இல் 15–19 வயதில் இருந்தவர்களை இறப்பு கழித்து 2011-க்குக் கொண்டுவந்து, அங்கே உண்மையில் எண்ணப்பட்ட 25–29 வயதினரோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் நிகர இடப்பெயர்வு. ஆனால் நிகரம் மறைக்கும். உள்ளூர் இளைஞர் நூறு பேர் இறங்கி, ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தோட்ட வேலைக்கு நூறு பேர் ஏறினால் நிகரம் பூஜ்யம், ஆனால் பென்ஷன் கணக்கு தலைகீழ். ஏறியவர்களில் பலர் பத்து வருடம் முடிக்காமல் ஊர் திரும்பக்கூடியவர்கள். வருகையும் போக்கும் தனித்தனி நிகழ்வாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. வெலிங்டனில் ராணுவப் பயிற்சி மையமும் பணியாளர் கல்லூரியும் இருக்கின்றன. லவ்டேல், ஊட்டி, குன்னூரில் விடுதிப் பள்ளிகள். கணக்கெடுப்பில் இவர்கள் எல்லாரும் மாவட்டத்தில் எண்ணப்படுவார்கள், அடுத்த கணக்கெடுப்புக்குள் போயிருப்பார்கள், அதே வயதில் வேறு ஆட்கள் வந்திருப்பார்கள். மேலே சொன்ன கழித்தல் முறை இதை 10–14-இல் பெரும் வருகை, 20–24-இல் பெரும் வெளியேற்றம் என்று படித்துவிடும். இந்த ஆட்களை நிறுவனவாசிகள் என்று தனியே எடுத்து, வயதும் எண்ணிக்கையும் மாறாமல் நிறுத்திவைத்து, மீதியை ஓட்டுங்கள்.

ரேண்டம் எண்ணில் ஒரு கைப்பழக்கம் வேண்டும். முதியோர் தொகையை உயர்த்தினால் என்ன ஆகும் என்று பார்க்க இரண்டு முறை ஓட்டுவீர்கள். எண்களை ஒரே வரிசையிலிருந்து இழுத்தால், ஓர் ஆள் மட்டும் வழி மாறினாலும் அவருக்குப் பின்னால் உள்ள எல்லாருக்கும் எண் ஒன்று நகர்ந்து, யார் சாகிறார், யார் பிழைக்கிறார் என்பதே மாறிவிடும். திட்டத்தின் விளைவு எது, சீட்டின் விளைவு எது என்று பிரிக்க முடியாது. ஆள் எண், வருடம், நிகழ்வு மூன்றையும் வைத்து ஒவ்வொன்றுக்கும் நிலையான எண் வரும்படி செய்யுங்கள். அதன்பின் வேறு வேறு தொடக்க எண்ணோடு ஐம்பது முறை ஓட்டி வீச்சைச் சொல்லுங்கள்.

மாடலின் மொத்தத்தை வெளி இலக்கோடு ஒட்டவைப்பதும் வழக்கம். 10,000 பெண்களின் வாய்ப்பைக் கூட்டினால் 3,400 வருகிறது, நம்பும் இலக்கு 3,700 என்றால், ஒவ்வொருவரின் வாய்ப்போடும் சிறிது தற்செயலைக் கலந்து வரிசைப்படுத்தி மேலிருந்து 3,700 பேரை எடுக்கிறோம். தற்செயலைக் கலக்காமல் வாய்ப்பை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் வருடா வருடம் அதே ஆட்களே தேர்வாவார்கள், மீதிப் பேர் ஆயுள் முழுக்க வேலையற்றவர்களாகவே இருப்பார்கள்.

நலத்திட்டங்களில் ஒன்றோடொன்று மோதும் விதிகளைக் கவனமாக எழுதுங்கள். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயோடு தொடங்கியது: 21 வயது நிறைந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், கார்டுக்கு ஒருவர். முதியோர் உதவித்தொகை அதே ஆண்டு 1,200 ஆனது. அந்த விதிப்படி ஒரே பெண் இரண்டையும் வாங்க முடியாது. ஆகவே 60 வயதில் உரிமைத் தொகையிலிருந்து முதியோர் தொகைக்கு மாறும் பெண்ணால் அரசுக்குக் கூடும் செலவு 200 ரூபாய்தான். இரண்டையும் தனித்தனியாகக் கணித்துக் கூட்டினால் 2,200 என்று எழுதுவீர்கள்.

உயர்த்தும் விதியில்தான் 30 வருடக் கணக்கு நிற்கிறது, விழுகிறது. 1,200 ரூபாயை அப்படியே விட்டால், 5 சதவீத விலையேற்றத்தில் 14 வருடத்தில் அதன் மதிப்பு பாதியாகும். "செலவு கட்டுக்குள் இருக்கிறது" என்று காட்டும் பல வரைபடங்களுக்குப் பின்னால் முதியவர் கையில் தேயும் இந்தப் பணம்தான் இருக்கிறது. மத்திய அரசின் பட்டியலில் உள்ள 60–79 வயதினருக்கு அதன் பங்கு 200 ரூபாய். அந்த 200 மாறாமல், மொத்தத் தொகையை மட்டும் மாநிலம் ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்த்தினால் 20 வருடத்தில் தொகை 3,184, மாநிலத்தின் பங்கு 83 சதவீதத்திலிருந்து 94 சதவீதம். எந்த அறிக்கையைப் படித்தாலும் முதலில் தேட வேண்டிய வரி இது: தொகையை எதோடு உயர்த்தினார்கள், விலைவாசியோடா, கூலியோடா, எதோடும் இல்லையா? மூன்றையும் ஓட்டி மூன்றையும் காட்டுவதே நேர்மை.

தகுதி உள்ளவர் எல்லாரும் வாங்குகிறார்கள் என்றும் வைக்காதீர்கள். ஆதாரில் வயது தப்பு, வங்கிக் கணக்கு செயலிழப்பு, வட்ட அலுவலகம் போய்வர ஒரு நாள் கூலி, இப்படி விடுபடுவோர் உண்டு. வட்டவாரியாக உண்மையில் வாங்குவோர் எண்ணிக்கையைக் கேட்டு வாங்கி, மாடல் காட்டும் தகுதியாளர் எண்ணிக்கையால் வகுத்து, அந்த விகிதத்தைப் பயன்படுத்துங்கள். பழங்குடிக் குடியிருப்புகளுக்குத் தனி விகிதம் வேண்டும்.

கருவி எதுவும் ஆகும். பெல்ஜியம் திட்டக் குழுவின் லியாம்2, கனடா மரபில் வந்த ஓப்பன்எம்++ இரண்டும் இலவசம். பைத்தான் தெரிந்தால் அதிலேயே எழுதலாம், ஆனால் ஆள் ஆளாக லூப் போடாமல் முழு நெடுவரிசையையும் ஒரே வீச்சில் கணக்கிடுங்கள். அப்படிச் செய்தால் 7 லட்சம் பேர், 30 வருடம் சில நிமிடங்களில் முடியும்; லூப் போட்டால் மணிக்கணக்கு.

2050-க்குப் போவதற்கு முன் பின்னோக்கி ஓட்டுங்கள். 2001 அட்டவணையில் தொடங்கி 2011-இல் நிறுத்தி, ஆறு வட்டத்துக்கும் வயதுவாரியாக ஒப்பிடுங்கள். மொத்தம் 7.35 லட்சத்தை நெருங்கினால் மட்டும் போதாது, ஆயிரம் ஆணுக்கு 1,042 பெண் என்ற விகிதமும் வர வேண்டும். மொத்தம் சரியாக வந்து விகிதம் பிசகினால் ஆண்களின் வெளியேற்றத்தையும் வெலிங்டன் கணக்கையும் மறுபடி பாருங்கள். அது தேறிய பிறகு 2011-லிருந்து இன்றுவரை ஓட்டி, 2027 மார்ச் 1-ஆம் தேதிக்கு மாடல் சொல்லும் வட்டவாரி, வயதுவாரி எண்களைத் தேதியிட்டு எடுத்து வையுங்கள். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் அதுதான். அந்த அட்டவணை வந்ததும் முதலில் கூடலூர், பந்தலூரின் 25–34 வயதுக் கட்டங்களை ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.